கைமாறி வந்த உறை

செம்புக் கொப்பரையில் நாலு மணி நேரம் கொதித்த மால்ட் சாறு மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. இடம், நார்வேயின் மேற்குப் பகுதியில் வொஸ் என்ற ஊரை ஒட்டிய மலைப் பள்ளத்தாக்கு. ஆண்டு 2014. காய்ச்சியவர் சிக்மண்ட் யேர்னெஸ். அவர் செய்வதையெல்லாம் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டிருந்தவர் லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் என்ற மென்பொருள் பொறியாளர். ஓஸ்லோ பக்கத்திலிருந்து இதைப் பார்ப்பதற்காகவே வந்திருந்தார். வெப்பமானி 39 டிகிரி காட்டியபோது, யேர்னெஸ் தன் ஈஸ்ட்டை எடுத்துச் சாற்றில் ஊற்றினார்.

39 டிகிரி என்பது சென்னையில் மே மாதத்து மதியம். பீர் காய்ச்சுவதைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புத்தகமும் அந்தச் சூட்டில் ஈஸ்ட்டை ஊற்றச் சொல்லாது. 20 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள் என்று சொல்லும். லாகர் வகையென்றால் 10 டிகிரி பக்கம் இறங்கச் சொல்லும். அதற்கு மேலே போனால் வழக்கமான பீர் ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். நகப்பூச்சு போல நாறும், குடித்தால் தொண்டை காந்தும். யேர்னெஸின் பீரில் அந்த நாற்றம் இல்லை. ஆரஞ்சுத் தோலை விரல் நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசம்தான் இருந்தது. மற்றவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கும் நொதிப்பு, இங்கே இரண்டு நாளில் முடிந்தது.

அந்த ஈஸ்ட்டை யேர்னெஸ் எந்தக் கடையிலும் வாங்கவில்லை. 1980களிலிருந்து அவர் வைத்துக் காப்பாற்றி வருவது அது. அதற்கு முன்னால் பிறர் கையில் இருந்தது. அவர்களுக்கும் முன்னால் வேறு யாரோ. ஒவ்வொரு முறை காய்ச்சி முடித்ததும் கொஞ்சம் எடுத்துவைப்பது, அடுத்த முறை அதையே ஊற்றுவது. இதைத் தமிழில் விளக்க நான் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு உறையாகிறது. வீட்டில் தீர்ந்துவிட்டால் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். அந்த உறை என்ற சொல்லையே இனி இதற்கும் வைத்துக்கொள்கிறேன்.

மேற்கு நார்வே மக்கள் தங்கள் பேச்சில் இதற்கு வைத்திருக்கும் பெயர் க்வைக். அவர்கள் மொழியில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: தீ மூட்டப் பயன்படும் சுள்ளி. பழைய நார்ஸ் மொழியில் தீ மூட்டுவதைக் குறித்த சொல்லும், உயிரோடிருப்பதைக் குறித்த சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. பீர் உறைக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் நுண்ணோக்கி பார்த்தவர்கள் அல்லர். ஈஸ்ட் ஓர் உயிர் என்பது ஐரோப்பிய அறிவியலில் 19ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. ஆனால் பக்கத்து வீட்டுக் கொள்ளியில் ஒரு முனை வாங்கி வந்து தன் அடுப்பைப் பற்றவைத்தவர்களுக்கு, பக்கத்து வீட்டு நுரையில் ஒரு கரண்டி வாங்கி வந்து தன் பீப்பாயைப் பற்றவைப்பதும் அதே காரியமாகப் பட்டிருக்கிறது. நான் அறிந்த பெயர்களில் இதைவிடச் சரியாக ஒரு பொருளைத் தொட்டவை குறைவு.

தயிர் உறைக்கும் க்வைக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தயிர் தினமும் தோய்க்கப்படுகிறது. நார்வே பண்ணையில் பீர் ஆண்டுக்குச் சில முறைதான். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம், அறுவடைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. கிறிஸ்துமஸ் பீர் வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. இடைக்காலத்தில் மேற்கு நார்வேயில் செல்லுபடியான குலாதிங் சட்டம், குடியானவன் காய்ச்சியே ஆக வேண்டும் என்றது. தவறினால் அபராதம். மூன்று ஆண்டு தொடர்ந்து தவறினால் பண்ணையே பறிபோகும். பாதி அரசனுக்கு, பாதி ஆயருக்கு. இத்தனை கட்டாயத்துக்கு உட்பட்ட ஒரு காரியத்தின் உயிர்நாடியான உறையை, ஒரு காய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே மாதக்கணக்கில் சாகாமல் வைத்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில்.

அதற்கு அவர்கள் கண்ட வழி, உலர்த்துவது. அருங்காட்சியகங்களில் இன்றும் அந்தச் சாதனங்கள் இருக்கின்றன. ஒன்று, துளைகளும் பள்ளங்களும் செதுக்கிய மரக்கட்டை. நொதிக்கும் பீரில் அதை முக்கி எடுத்தால் நுரையும் கசடும் துளைகளுக்குள் ஏறி ஒட்டிக்கொள்ளும். காயவைத்துத் தொங்கவிடுவார்கள். இன்னொன்று மரத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் செய்த வளையம். பார்க்கக் கழுத்தில் போடும் மாலை போலவே இருக்கும். இடுக்குகள் எத்தனை அதிகமோ அத்தனை ஈஸ்ட் தங்கும். வைக்கோல் வளையமும் உண்டு, துணியில் தடவிக் காயவைப்பதும் உண்டு. சிலர் உலர்த்தாமல் புட்டியில் அடைத்துக் கிணற்றுக்குள் இறக்கிவைத்தார்கள். அடுத்த பண்டிகை வரும்போது வளையத்தை எடுத்து வெதுவெதுப்பான சாற்றில் போட்டால் போதும். மரத்துக்குள் உறங்கியது எழுந்துகொள்ளும்.

வெதுவெதுப்பை அளக்கவும் கருவி கிடையாது. கறந்த பாலின் சூடு என்பார்கள். விரலை விட்டுப் பார்ப்பது, ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பது. உறையைப் போடும் நொடியில் உரக்கக் கூச்சலிட வேண்டும் என்ற வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. கத்திப் போட்டால் பீருக்கு வீரியம் வரும் என்று நம்பினார்கள். அதற்குப் பேச்சு மொழியில் தனிப் பெயரே உண்டு.

உறையின் பயணத்தை நடத்தியது கடன்தான். ஒரு வீட்டு உறை கெட்டுப் புளித்துவிட்டால் அடுத்த வீட்டில் கேட்பார்கள். கேட்டவருக்கு இல்லையென்பது கிடையாது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நொதிப்பு முடிந்து பீப்பாயை முதல் தடவை திறக்கும்போது அக்கம்பக்கத்தாரை அழைத்துச் சுவைக்கக் கொடுப்பது மேற்கு நார்வே மரபு. யார் வீட்டில் இந்த முறை நன்றாக வந்திருக்கிறது என்பது அந்த மாலையிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்து உறை வேண்டுபவர் எந்த வாசலுக்குப் போவார்? நல்ல உறை பத்து வீட்டுக்குப் பரவியது, கெட்டது வாசல் தாண்டவில்லை. விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் குடியானவன் வயலில் செய்த வேலையை, இங்கே அண்டை வீட்டாரின் நாக்கு செய்தது. கொடுத்தவருக்கும் அதில் காப்பு இருந்தது: தன்னுடையது கெட்டாலும், தான் கொடுத்தது பக்கத்து வீட்டில் உயிரோடிருக்கும். போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இப்படி ஓடி வந்த எதுவும் ஒற்றை ரகமாக இருக்க முடியாது. பக்கத்து வீட்டு உறையைத் தன்னுடையதோடு கலந்தவர்கள் இருந்தார்கள். மரத்துளையில் பழைய ஆண்டின் மிச்சம் இருந்தது. ஒரே ஜாடிக்குள் பல ரக ஈஸ்ட் கூடி வாழ்ந்தன. ஹோர்னின்டால் பக்கத்து உறைகளில் பாக்டீரியாவும் சேர்ந்தே இருந்தது. அங்கே சாற்றைக் கொதிக்கவைக்காமலே பீர் செய்வார்கள். ஈஸ்ட் அத்தனை வேகமாக வேலையை முடித்துவிடுவதால், புளிக்கவைக்கும் நுண்ணுயிர் தலையெடுக்க நேரம் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில் கதை டென்மார்க்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. உறைகளின் கூட்டுக் குடும்பத்தைக் கலைத்தது அங்கே நடந்த ஒரு வேலை. கார்ல்ஸ்பெர்க் ஆலையை நிறுவிய யாகோப்சென், 1845இல் மியூனிக் நகரிலிருந்து லாகர் ஈஸ்ட்டைத் தகரப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். வழியில் வண்டி நின்ற இடமெல்லாம் பாத்திரத்தின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றிக் காப்பாற்றினார் என்பார்கள். அதுவும் கைமாறி வந்த உறைதான். சில பத்தாண்டுகளில் பீர் அடிக்கடி கெடத் தொடங்கியது. ஆலையின் ஆய்வகத்திலிருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சென் அந்த ஈஸ்ட்டுக்குள் வேண்டாத காட்டு ரகங்கள் கலந்திருப்பதைக் கண்டார். ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து மட்டும் பெருக்கினார். 1883 நவம்பரில் அந்தத் தூய ஈஸ்ட்டில் ஆலையின் பீர் நொதித்தது. யாகோப்சென் அதைத் தனக்கென்று பூட்டிவைக்கவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தார்.

ஹான்சென் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லட்சக்கணக்கான புட்டிகள் ஒரே சுவையில் வர வேண்டிய ஆலைக்கு அது தேவைப்பட்டது. அவர் கண்ட நோய் உண்மையான நோய். ஆனால் அந்த வெற்றியிலிருந்து ஒரு முடிவு எல்லோர் மனத்திலும் உட்கார்ந்துகொண்டது: கலப்பு என்றாலே அசுத்தம், பழையது என்றாலே கெட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் ஆலை, 1957இல் யார்க்ஷயரிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டைக் காய்ச்சலுக்குக் காய்ச்சல் எடுத்துவைத்தே இன்றுவரை பீர் செய்துவருகிறது. பழைய உறை கெட்டுத்தான் தீரும் என்றால் அது எப்படி நடக்கும்?

நார்வேப் பண்ணைகளில் க்வைக்கை ஒழித்தது அறிவியல்கூட இல்லை, வசதி. 20ஆம் நூற்றாண்டில் ரொட்டி ஈஸ்ட் மளிகைக் கடைக்கு வந்துவிட்டது. மலிவு, எப்போதும் கிடைக்கும், வளையம் வேண்டாம், பக்கத்து வீட்டு வாசலும் வேண்டாம். பின்லாந்தின் சாஹ்தி என்ற பண்ணை பீர் ஏறக்குறைய முழுவதுமே ரொட்டி ஈஸ்ட்டுக்கு மாறிவிட்டது. நார்வேயிலும் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக உறைகள் நின்றுபோயின. ஒரு வீட்டில் நின்றால் பரவாயில்லை. கடன் கொடுக்க அண்டை வீட்டிலும் இல்லாமல் போகும்போதுதான் அது அழிவு.

1950களில் நார்வேயின் நாட்டார் வழக்காற்று ஆய்வு அமைப்பு ஊர் ஊராகக் கேள்விப் பட்டியல் அனுப்பி, பீர் காய்ச்சும் முறைகளைக் கேட்டு வாங்கியது. வந்த பதில்களை வைத்து ஓட் நோர்ட்லான் எழுதிய நூல் 1969இல் வெளிவந்தது. மரவளையம், கிணற்றுப் புட்டி, கூச்சல் எல்லாவற்றையும் அதில் படிக்கலாம். பதில் எழுதியவர்களில் பலர் தங்கள் தாத்தா காலத்து வழக்கத்தை நினைவிலிருந்து எழுதினார்கள். காகிதத்தில் எல்லாம் தங்கிவிட்டது. உயிர் மட்டும் சில ஊர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது: வொஸ், ஹோர்னின்டால், ஸ்ட்ராண்டா, இன்னும் சில.

கார்ஷோல் அந்த ஊர்களுக்குத்தான் தேடிப் போனார். நுண்ணுயிரியல் அவர் தொழில் இல்லை. பீரின் மேல் இருந்த ஆசையும், கணினிக்காரருக்கே உரிய பட்டியல் போடும் பழக்கமும் அவரிடம் இருந்தன. கண்ட ஒவ்வொரு உறைக்கும் எண் கொடுத்தார். எந்த ஊர், எந்தச் சூட்டில் ஊற்றுகிறார்கள், நுரையை எடுக்கிறார்களா அடியில் படிவதை எடுக்கிறார்களா என்று ஒவ்வொன்றையும் பொதுவில் பதிந்துவைத்தார். அந்தப் பட்டியலில் முதல் எண் யேர்னெஸின் உறைக்கு. நார்வேயோடு நிற்கவும் இல்லை. லித்துவேனியாவிலும் இத்தகைய உறைகள் உயிரோடிருப்பதைக் கண்டு சேர்த்தார். பல்கலைக்கழகங்கள் கண்ணெதிரே விட்டிருந்த ஒன்றை விடுமுறை நாட்களில் வண்டியோட்டிப் போய் ஒருவர் மீட்டுத் தந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

யேர்னெஸின் உறை அங்கிருந்து இங்கிலாந்தின் நாரிச் நகரத்துக்குப் போனது. அங்கே உள்ள தேசிய ஈஸ்ட் சேகரிப்பகம் ரகங்களைத் திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 டிகிரியில் உறையவைத்துக் காக்கிறது. கிணற்றுக்குள் இறக்கிய புட்டிக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றுதான். ஆனால் இங்கே ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியே பிரித்துக் குப்பியில் அடைத்து எண்ணிட வேண்டும். ஒரே ஜாடியில் கூடி வாழ்ந்தவை முதன்முறையாகப் பிரிந்தன.

அடுத்து கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம். ரிச்சர்ட் பிரைஸும் அவரது கூட்டாளிகளும், கார்ஷோலும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, பல பண்ணைகளின் உறைகளிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்து மரபணுவைப் படித்தது. க்வைக் ரகங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு; உலகின் மற்ற பீர் ஈஸ்ட்டுகளிலிருந்து விலகிய தனிக் குடும்பம். ஒரு பெற்றோர் வழி, நமக்குத் தெரிந்த ஐரோப்பிய ஏல் ஈஸ்ட்டுகளின் கிளையோடு சேர்கிறது. இன்னொரு பெற்றோர் இதுவரை அறியப்பட்ட எந்தக் கிளையிலும் இல்லை. ஆக, பிரித்தெடுத்த ஒற்றை ரகமும் தன் மரபணுவுக்குள்ளேயே கலப்புதான்.

அதே ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த தகவல் கிராம்பு பற்றியது. காட்டு ஈஸ்ட்டில் நொதித்த பீர் கிராம்பும் புகையும் கலந்தது போல மணக்கும். அந்த மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் க்வைக்கில் பழுதாகிக் கிடக்கின்றன. மனிதர் வளர்த்த பீர் ஈஸ்ட்டுகளில் அடிக்கடி காணும் அடையாளம் அது. அந்த மணம் வந்த பீப்பாயைச் சுவைத்து முகம் சுளித்து, உறை வேண்டாமென்று நகர்ந்த அண்டை வீட்டார் எத்தனை தலைமுறை! அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் தீர்ப்பு மட்டும் மரபணுவில் எழுதியிருக்கிறது.

சூட்டைத் தாங்கும் மர்மத்துக்கு 2022இல் வந்த இன்னொரு ஆய்வு ஒரு காரணம் சொன்னது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை இந்த ஈஸ்ட்டுகள் தங்கள் செல்லுக்குள் மிகுதியாகச் சேர்த்துவைக்கின்றன. செல்லின் சவ்வும் புரதங்களும் சூட்டிலும் வறட்சியிலும் சிதையாமல் அது தாங்கிப்பிடிக்கும். மரவளையத்தில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தபின் எழுந்தவை மட்டுமே அடுத்த பீப்பாய்க்குப் போயின. எழாதவை அங்கேயே முடிந்தன. காய்ச்சலைத் தாங்கத் தெரிந்தது காய்வதையும் தாங்கியது. வளையத்தைச் செதுக்கியவன் மரத்தோடு ஈஸ்ட்டையும் செதுக்கியிருக்கிறான்.

பிறகு பயணம் வேகமெடுத்தது. யேர்னெஸ் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்தார். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஈஸ்ட் நிறுவனங்கள் அதிலிருந்து ஒற்றை ரகத்தை எடுத்துப் பெருக்கி விற்றன. இன்று லாலெமாண்ட் நிறுவனத்தின் உலர் ஈஸ்ட் பொட்டலம் வொஸ் என்ற பெயரோடு உலகெங்கும் கிடைக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்பதையும் அந்த நிறுவனம் சொல்கிறது. 35 முதல் 40 டிகிரி வரை உகந்தது என்று அதன் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். குளிரூட்டும் வசதி இல்லாமல் வெப்ப நாடுகளில் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. இதுவரை வெயில் அவர்களுக்கு எதிரி.

பொட்டலத்தை நான் மட்டமாகப் பேசமாட்டேன். அது இல்லாவிட்டால் வொஸ் என்ற பெயரை அந்த ஊருக்கு வெளியே யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பது கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்த ஒருவர். முழு உறையிலும் ஒற்றை ரகத்திலும் செய்த பீரை ஒப்பிட்டுச் சுவைப்பவர்கள், முழு உறையில் அடுக்குகள் அதிகம் என்பார்கள். அதற்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. ஜாடிக்குள் எந்த ரகம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அதை எடுத்துவைக்கும் கை. சில ரகங்கள் சீக்கிரம் நுரையோடு மேலே வரும். சில கடைசிவரை மிதந்து, பிறகுதான் அடியில் படியும். ஹோர்னின்டாலில் நுரையை வழிக்கிறார்கள், வேறு ஊர்களில் அடிக்கசடை எடுக்கிறார்கள். நாற்பதாவது மணியில் வழிப்பவரின் உறையும் ஐந்தாவது நாள் அடியில் சுரண்டுபவரின் உறையும், ஒரே ஜாடியிலிருந்து பிரிந்திருந்தாலும் சில ஆண்டுகளில் இரண்டாகிவிடும். சூடு, நேரம், எடுக்கும் இடம் மூன்றும் சேர்ந்துதான் உறை. அவற்றை நைட்ரஜனில் உறையவைக்க முடியாது.

அதனால்தான் வீட்டில் காய்ச்சுகிறவர்களில் ஒரு சாரார் முழு உறையைத் தேடிப் போகிறார்கள். நார்வேப் பண்ணையிலிருந்து வந்த கலவையை அப்படியே வாங்கி, அந்தப் பண்ணையின் சூட்டில் ஊற்றி, அந்தப் பண்ணை எடுக்கும் நேரத்தில் எடுத்து, உலர்த்திவைக்கிறார்கள். பழகாதவர்கள் முதலில் தடுக்கி விழுவது அளவில். மற்ற ஈஸ்ட்டுக்குக் கொட்டுவது போல இதற்குக் கொட்டினால் ஆரஞ்சு வாசம் மங்கிவிடும். 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக் கசடு போதும். இன்னொன்று பசி. பண்ணை பீர் மால்ட் நிறைந்த கெட்டிச் சாறு. அதில் வளர்ந்த உறைக்கு நீர்த்த சாறு போதாது. இலேசான பீருக்கு இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஈஸ்ட்டுக்கான ஊட்டச்சத்தைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பாதியில் படுத்துவிடும்.

உலர்த்துவதற்கு இன்று மரவளையம் செதுக்குகிறவர்கள் குறைவு. ரொட்டி சுடும் எண்ணெய்த்தாளை விரித்து, அதன்மேல் கசடை மெல்லியதாகத் தடவி, மிதமான காற்றில் ஒன்றிரண்டு நாள் விடுகிறார்கள். காய்ந்ததும் தாளை மடக்கினால் வெளிறிய பழுப்பில் சில்லுச் சில்லாக உதிரும். பழைய அரிசி அப்பளத்தை நொறுக்கியது போல இருக்கும். ஒரு பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து அஞ்சல் உறைக்குள் வைத்து, முன்பின் பார்த்திராத ஒருவருக்கு அனுப்புகிறார்கள். பணம் வாங்குவதில்லை. என்னுடையது கெட்டால் உங்களிடம் கேட்பேன் என்று எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு.

அந்த அஞ்சலைப் பிரித்தவர், கொதித்து ஆறிய சாற்றில் அரைக் குவளை எடுத்து, 39 டிகிரிக்குக் கொண்டுவந்து, அந்தச் சில்லுகளைத் தூவுகிறார். முதலில் ஒன்றும் தெரியாது. தூசி போல மிதக்கும். சில மணி நேரத்தில் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டுகிறது, பிறகு நடுவிலிருந்து நுரை எழும்புகிறது. அதை எடுத்துக்கொண்டு பெரிய பாத்திரத்தின் அருகே போகிறார். ஊற்றும்போது வீட்டில் இருப்பவர்கள் திடுக்கிடும்படி ஒரு கூச்சல் போடுகிறார்.